42 வயதில் அல்ஜீப்ரா: க²-ஐ வெட்டினால் ஏன் தப்பு?

துவாஸ்_வயர்மேன் கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டு நாளாக மண்டைக்குள் இதுதான் ஓடுகிறது.

எனக்கு 42 வயது. சிங்கப்பூரில், துவாஸில் ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரிக்கல் பராமரிப்பு வேலை. பள்ளியில் வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவு, அப்புறம் ஐடிஇ (தொழில்நுட்பக் கல்விக் கழகம்), தேசிய சேவை, வேலை, கல்யாணம், அவ்வளவுதான் என் வரலாறு. 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அரசின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சிக் கணக்கில் 4,000 வெள்ளி போட்டார்களே, அது சும்மா கிடக்கிறது கிடக்கிறது என்று மனைவி சொல்லிச் சொல்லி, ஒருவழியாகப் பகுதிநேர டிப்ளமாவில் சேர்ந்துவிட்டேன். சர்க்யூட் பாடமெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கணக்கு வகுப்பில்தான் முழி பிதுங்குகிறது. முதல் நாளே ஆசிரியர் "இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்" என்று சொல்லிவிட்டு, மூன்று வருடப் பாடத்தை நாற்பது நிமிடத்தில் ஸ்லைடு ஸ்லைடாகத் தள்ளிக்கொண்டு போனார். பக்கத்தில் இருப்பவர்கள் இருபத்து இரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள், எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கீபோர்டை மாற்றி மாற்றி அடிக்க முடியவில்லை, அதனால் எக்ஸ் வரவேண்டிய இடத்தில் எல்லாம் க என்று போடுகிறேன். பயிற்சித்தாளில் வந்த கணக்கு, சுருக்கச் சொல்லி:

(க² + 5க + 6) / (க² − 9)

மேலே ஒரு க², கீழே ஒரு க². இரண்டையும் வெட்டினேன். மிச்சம் (5க + 6) / (−9). பார்க்க அழகாகத்தான் இருந்தது. தப்பு என்று சிவப்பில் கோடு போட்டு வந்தது, ஏன் என்று ஒரு வரி கூட இல்லை. மகள் உயர்நிலை இரண்டு, ஜி3 (இருப்பதிலேயே கடினமான நிலை) கணக்கு படிக்கிறாள், அவளிடம் காட்டினேன். "அப்பா, அப்படி கேன்சல் பண்ணக் கூடாது" என்றாள். ஏன் கூடாது என்றால், "கூடாதுன்னா கூடாது, டீச்சர் சொன்னாங்க".

இரண்டு கேள்வி. ஒன்று, ஏன் வெட்டக் கூடாது? மேலேயும் கீழேயும் ஒரே எண் இருந்தால் வெட்டலாம் என்றுதானே சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தார்கள்? இரண்டாவது, எங்கிருந்து ஆரம்பிப்பது? நெட்டில் தேடினால் கல்லூரி மட்டத்துக்கே எலிமெண்டரி அல்ஜீப்ரா, இன்டர்மீடியட் அல்ஜீப்ரா என்று இரண்டு தனித்தனிப் பாடம் இருக்கிறது. இரண்டையும் படிக்க வேண்டுமா? எனக்கு இருப்பது மொத்தமே ஒரு செமஸ்டர், அதிலும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நைட் ஷிப்ட்.

—

செங்காங்_டியூஷன்_அக்கா:

தம்பி, 42 எல்லாம் ஒரு வயதா? என்னிடம் 50 வயதில் வந்து படித்தவர் உண்டு.

மகள் சொன்னது சரி. ஆனால் காரணம் அவளுக்கும் தெரியவில்லை பாருங்கள், எனக்கு அதுதான் கவலை, அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

க-வை விடுங்கள், எண்ணிலேயே பார்ப்போம். (3 + 5) / (3 + 1). இது 8/4, அதாவது 2. உங்கள் முறைப்படி மேலேயும் கீழேயும் இருக்கிற 3-ஐ வெட்டினால் 5/1, அதாவது 5. இரண்டும் ஐந்தும் ஒன்றா? இதே (3 × 5) / (3 × 1) என்று இருந்தால் 15/3, அதுவும் 5, வெட்டினாலும் 5. பெருக்கலில் கோத்திருப்பதைத்தான் வெட்டலாம், கூட்டலில் சேர்ந்திருப்பதை வெட்ட முடியாது. உங்களுக்குச் சின்ன வயதில் சொன்னது பொய் இல்லை, பாதிதான் சொன்னார்கள்.

இதை நீங்கள் ஏற்கெனவே கையால் செய்துகொண்டிருக்கிறீர்கள், அதுதான் வேடிக்கை. 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 15 ஓம் ஒன்று, பேரலலில் (பக்கம் பக்கமாக இணைத்து) போட்டால் எவ்வளவு? பேனா எடுக்காமலே 6 என்பீர்கள். இரண்டையும் பெருக்கி, இரண்டையும் கூட்டி வரும் தொகையால் வகுக்கிறீர்கள், 150-ஐ 25-ஆல். அதைக் காகிதத்தில் எழுதினால் (10 × 15) / (10 + 15). இப்போது உங்கள் ஸ்டைலில் மேலே இருக்கிற 10-ஐயும் கீழே இருக்கிற 10-ஐயும் வெட்டுங்கள். 15/15 வரும். பத்தும் பதினைந்தும் பேரலலில் போட்டு 1 ஓம் வந்தால் நீங்கள் மீட்டரைத்தானே முதலில் சந்தேகப்படுவீர்கள்? அந்தப் பயிற்சித்தாளிலும் அதேதான் நடந்தது, அங்கே க இருந்ததால் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

சரி, கணக்கு. மேலே இருப்பதைப் பெருக்கலாக மாற்ற வேண்டும், அதற்குத்தான் காரணிப்படுத்துவது, வேறு எதற்கும் இல்லை. கூட்டினால் 5, பெருக்கினால் 6 வருகிற இரண்டு எண், 2-ம் 3-ம். ஆக மேலே (க + 2)(க + 3). கீழே 9 என்பது 3-இன் வர்க்கம், அதனால் (க − 3)(க + 3). இப்போது இரண்டிலும் (க + 3) பெருக்கலில் நிற்கிறது, வெட்டலாம். மிச்சம் (க + 2) / (க − 3). க-வுக்கு 3-ம் −3-ம் மட்டும் போடக் கூடாது, கீழே பூஜ்யம் ஆகிவிடும்.

இனி ஒவ்வொரு கணக்கையும் முடித்ததும் ஒரு எண்ணைப் போட்டுப் பாருங்கள். க = 4 என்று வையுங்கள். கேள்வியில் போட்டால் (16 + 20 + 6) / (16 − 9), 42/7, அதாவது 6. என் விடையில் 6/1, அதுவும் 6. உங்கள் விடையில் 26-ஐ −9-ஆல் வகுத்து, கிட்டத்தட்ட −2.9. அரை நிமிட வேலை. ஒயரிங் முடித்துவிட்டு டெஸ்ட் பண்ணாமல் சுவிட்சைப் போடுவீர்களா? 0, 1 இரண்டையும் மட்டும் சோதனைக்கு எடுக்காதீர்கள், தப்பான விடையும் சில சமயம் அதில் சரியாக வந்து தொலைக்கும்.

—

ஷிப்ட்_முடிஞ்சு_படிப்பு:

அக்கா சொன்னது எல்லாம் சரி. ஆனால் அண்ணே, எண்ணைப் போட்டுப் பார்த்தால் தப்பு என்று தெரியும், எங்கே தப்பு என்று தெரியாது. நானும் 35 வயதில் திரும்பப் படித்தவன், அனுபவத்தில் சொல்கிறேன், எனக்கு அல்ஜீப்ரா வரவில்லை என்று ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன், கடைசியில் பார்த்தால் வராதது பின்னமும் மைனஸ் குறியும். 2/3 − 5/4 என்ன என்று கால்குலேட்டர் இல்லாமல் போட்டுப் பாருங்கள். முப்பது விநாடியில் −7/12 வரவில்லை என்றால் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், வெட்கப்பட ஒன்றும் இல்லை, இரண்டு வாரம் போதும்.

இன்னொன்று, கால்குலேட்டரை நம்பி நான் ஒரு டெஸ்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். −3-இன் வர்க்கம் வேண்டும் என்று −3² என்று அப்படியே அடித்தேன், −9 காட்டியது. (−3)² என்று அடைப்புக்குறி போட்டால்தான் 9. மெஷின் மேல் தப்பு இல்லை, அது முதலில் 3-ஐ வர்க்கம் பண்ணிவிட்டு அப்புறம்தான் மைனஸைப் பார்க்கிறது. சூத்திரத்தில் மைனஸ் எண்ணைப் போடும்போதெல்லாம் அடைப்புக்குறி, கண்ணை மூடிக்கொண்டு.

உங்கள் இரண்டாவது கேள்வி. அந்த இரண்டு பெயரும் அமெரிக்கக் கல்லூரி வழக்கம். அங்கே கல்லூரிக்குள் வந்தும் பள்ளிக் கணக்கு போதாதவர்களுக்கு அடிப்படையிலிருந்து திரும்பச் சொல்லிக்கொடுக்க வைத்திருக்கும் படிகள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் எலிமெண்டரி ஏறக்குறைய இ மேத்ஸில் (உயர்நிலைப் பள்ளியின் அடிப்படைக் கணக்கு) வருகிற அல்ஜீப்ரா, இன்டர்மீடியட் அதைத் தாண்டி ஏ மேத்ஸுக்குள் (கூடுதல் கணக்கு) கொஞ்சம் கால் வைக்கும். ஓப்பன்ஸ்டாக்ஸ் என்று ரைஸ் பல்கலைக்கழகத்தின் இலவசப் புத்தகங்கள் இருக்கின்றன, இரண்டு பெயரிலும் இரண்டு புத்தகம், பிடிஎஃப் ஒரு காசு இல்லாமல் இறக்கிக்கொள்ளலாம். முதலாவதில் 10 அத்தியாயம், இரண்டாவதில் 12. பாதிக்கு மேல் ஒரே தலைப்புதான் திரும்ப வரும், நேர்கோட்டுச் சமன்பாடு, காரணி, பின்னக் கோவை, வர்க்கமூலம், இருபடி எல்லாம் இரண்டிலும் உண்டு. சார்பு (ஃபங்ஷன்), மடக்கை (லாகரிதம்), நீள்வட்டம் மாதிரி வளைகோடுகள், தொடர்வரிசை இவைதான் இரண்டாவதில் புதிதாக வருபவை. அதனால் இரண்டையும் முதலிலிருந்து படித்தால் நேரம்தான் வீண். நேராக இன்டர்மீடியட் எடுங்கள், ஐந்தாம் அத்தியாயம் பல்லுறுப்புக் கோவை (பாலினாமியல்), அங்கே ஆரம்பியுங்கள், எங்கே தடுக்கி விழுகிறீர்களோ அந்தத் தலைப்பை மட்டும் எலிமெண்டரியில் தேடிப் படித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

வீடியோ பார்ப்பதைக் குறையுங்கள். கான் அகாடமி நல்லதுதான், இலவசம்தான், ஆனால் வீடியோவில் ஆசிரியர் போடும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும், நாம் போட உட்கார்ந்தால் கை ஓடாது. துவாஸ் லிங்க்கில் ரயில் ஏறினால் உட்கார இடம் நிச்சயம், அதுதானே முதல் ஸ்டேஷன். நான் அந்த நேரத்தில் ஒரு சின்ன நோட்டில் தப்புகளை மட்டும் எழுதி வைத்திருந்தேன். தேதி, தப்பான வரி, பக்கத்தில் சரியான வரி. நாற்பது பக்கம் வந்தது, அதில் முப்பது பக்கம் ஒரே மைனஸ் குறி.

—

தஞ்சை_டு_தெம்பனிஸ்:

அண்ணா வணக்கம். நான் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவன், இங்கே வேலைக்கு வந்த புதிதில் கோஎஃபிஷியன்ட் என்றால் என்ன என்று தெரியாமல் முழித்திருக்கிறேன், கெழு (5க-வில் அந்த 5 மாதிரி, எழுத்துக்கு முன்னால் நிற்கும் எண்) என்று சொல்லியிருந்தால் உடனே புரிந்திருக்கும். உங்களுக்கு அப்படியே தலைகீழாக இருக்கலாம். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், தமிழ்நாட்டு அரசின் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்கள் இணையத்தில் இலவசம், இரண்டிலும் மூன்றாவது அத்தியாயம் இயற்கணிதம், அதாவது அல்ஜீப்ரா. ஒரு தடவை தமிழில் வாசித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் மந்திரம் மாதிரி இருப்பது தமிழில் பல இடத்தில் அர்த்தத்தோடு இருக்கும். டிஸ்கிரிமினன்ட் என்பதைத் தன்மைக் காட்டி என்கிறோம், இருபடிச் சமன்பாட்டின் (க² வருகிற சமன்பாடு) மூலங்கள், அதாவது விடைகள், எப்படிப்பட்டவை, இரண்டா ஒன்றா இல்லவே இல்லையா என்று அதுதானே காட்டுகிறது!

வர்க்கப் பூர்த்தி என்று ஒரு முறை வரும், எல்லாரும் பயப்படுவார்கள். எங்கள் வாத்தியார் கத்திரிக்கோலோடுதான் வகுப்புக்கு வந்தார். கணக்கு க² + 10க = 39. பாக்தாத்தில் அல் குவாரிஸ்மி என்பவர் ஏறக்குறைய 820-இல் எழுதி வைத்த கணக்கு இது, இன்றைக்கும் இதைவிட நல்ல உதாரணம் நான் பார்க்கவில்லை. ஒரு சதுரக் காகிதம், பக்கம் க. பரப்பு க². 10க-வை 5க, 5க என்று இரண்டு பட்டையாக வெட்டி, ஒன்றை வலது பக்கம், ஒன்றைக் கீழே ஒட்டுங்கள். இப்போது பெரிய சதுரம் மாதிரி இருக்கும், ஆனால் மூலையில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை 5-க்கு 5, அதாவது 25. அதை அடைத்தால் சதுரம் பூர்த்தி. 39-உடன் 25, மொத்தம் 64. பெரிய சதுரத்தின் பக்கம் 8, அதில் 5 போனால் க = 3. "பாதியை வர்க்கம் பண்ணி இரண்டு பக்கமும் கூட்டு" என்று மனப்பாடம் பண்ணினோமே, அந்த ஓட்டையை அடைப்பதுதான் அது.

அந்த மனிதர் காலத்தில் எக்ஸும் இல்லை, சமக் குறியும் இல்லை (சமக் குறி 1557-இல்தான் இங்கிலாந்தில் வந்தது), முழுக்க வாக்கியமாகவே எழுதினார். அவர் சொன்ன அல் ஜப்ர் என்ற அரபுச் சொல்லிலிருந்துதான் அல்ஜீப்ரா. உடைந்ததைச் சேர்த்துக் கட்டுவது என்று அர்த்தம், எலும்பு சேர்த்துக் கட்டுகிறவருக்கும் அந்த வேரிலிருந்தே பெயர் வந்தது, நம் புத்தூர் கட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

—

செங்காங்_டியூஷன்_அக்கா:

தஞ்சைத் தம்பி, காகிதச் சதுரம் பிரமாதம், நான் திருடிக்கொள்கிறேன். ஆனால் சொற்கள் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் பரீட்சை எழுதப் போவது ஆங்கிலத்தில், இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. இப்போது போய்க் கெழு, மாறிலி எல்லாம் புதிதாகப் படித்தால் இரண்டு சுமை. பரீட்சை முடிந்ததும் ஆசைக்குப் படிக்கட்டும்.

—

ஈசூன்_அம்மா:

நான் கணக்கு ஆள் இல்லை, மூன்று பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் பார்த்த அனுபவம்தான். தொடக்கப்பள்ளியில் பெட்டி பெட்டியாக வரைவோமே, மாடல் முறை, அது 1980-களிலேயே வந்துவிட்டது, நீங்களும் அதைத்தான் படித்திருப்பீர்கள். அண்ணனிடம் தம்பியைவிட 12 வெள்ளி கூடுதல், இரண்டு பேரிடமும் சேர்த்து 60, தம்பியிடம் எவ்வளவு? இரண்டு பெட்டி, அண்ணன் பெட்டிக்கு வால் மாதிரி ஒரு 12. வாலை நறுக்கினால் 48, பாதி 24. அந்தப் பெட்டிக்கு ஒரு எழுத்தைப் பெயராக வைத்தால் அதுதான் அல்ஜீப்ரா என்று என் பெரியவன் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது, அதுவரை இரண்டும் வேறு வேறு பாடம் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் சமனின்மையில் (சமக் குறிக்குப் பதில் பெரிது, சிறிது குறி வருகிற கணக்கு) மைனஸால் வகுத்தால் குறி திரும்பும் என்று வருமே, அதற்கு லிஃப்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே 2-ஆம் மாடியைவிட 5-ஆம் மாடி உயரம். பேஸ்மென்டில் பி5 பி2-ஐவிட ஆழம். மைனஸ் போட்டதும் உயரம் ஆழமாகிவிடுகிறது, அதனால் குறியும் திரும்பிக்கொள்கிறது. −2க < 6 என்றால் க > −3.

—

துவாஸ்_வயர்மேன் (இரண்டு வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. பின்னத்தில் நான் படு மோசம் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது, ஷிப்ட் நண்பர் சொன்ன −7/12 எனக்கு வர நாலு நிமிடம். பத்து நாள் வேறு எதையும் தொடவில்லை, பின்னமும் மைனஸும்தான். நோட்டில் பதினொரு பக்கம் ஆகிவிட்டது.

நேற்று வகுப்பில் கொடுத்த இரண்டு கணக்கைத் தனியாகப் போட்டேன். முதலாவது 1/க + 1/(க + 5) = 1/6. இடது பக்கத்தை ஒரே பின்னமாக்கி, குறுக்கே பெருக்கி, க² − 7க − 30 = 0 என்று வந்தது. காரணி (க − 10)(க + 3). ஆக க = 10 அல்லது −3. இரண்டாவது √(க + 6) = க. இரண்டு பக்கமும் வர்க்கம் பண்ணினால் க² − க − 6 = 0, விடை 3 அல்லது −2.

விடைத்தாளில் முதலாவதுக்கு இரண்டு விடையும் சரி என்று போட்டிருக்கிறார்கள், இரண்டாவதில் −2-ஐ அடித்துவிட்டு 3 மட்டும். ஒரு இடத்தில் மைனஸை ஏற்கிறார்கள், ஒரு இடத்தில் ஏற்கவில்லை. என்ன நியாயம் இது?

—

செங்காங்_டியூஷன்_அக்கா:

இரண்டு வாரத்தில் இந்தக் கேள்வி கேட்கிறீர்கள் என்றால் நீங்கள் பாஸ்.

மைனஸ் என்பதற்காக யாரும் அடிக்கவில்லை. விடையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். முதலாவதில் க = −3 போட்டால் −1/3 + 1/2, அது 1/6. சரியாக வருகிறது, உண்மையான விடை. இரண்டாவதில் க = −2 போட்டால் இடது பக்கம் √4, அது 2. வலது பக்கம் −2. ஒத்துப்போகவில்லை. அந்தப் போலி விடை எங்கிருந்து வந்தது? வர்க்கம் பண்ணினீர்களே, அங்கேதான். 2-ம் −2-ம் வேறு வேறு, வர்க்கம் பண்ணினால் இரண்டும் 4. வர்க்கம் பண்ணும்போது ஒரு தகவல் தொலைகிறது, அந்தச் சந்தில் போலி உள்ளே வந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் வர்க்கம் பண்ணினாலோ, க உள்ள ஒன்றால் இரண்டு பக்கமும் பெருக்கினாலோ, கடைசியில் திருப்பிப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

அந்த முதல் கணக்கை இன்னொரு தடவை பாருங்கள், எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை?

—

தஞ்சை_டு_தெம்பனிஸ்:

நான் சொன்ன 39 கணக்குக்கும் −13 என்று இன்னொரு விடை உண்டு, போட்டுப் பாருங்கள், 169 − 130 = 39. அல் குவாரிஸ்மி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. காகிதத்துக்கு ஏது மைனஸ் பக்கம்?

—

துவாஸ்_வயர்மேன்:

அக்கா, பேரலல்! 10 ஓம், 15 ஓம், 6 ஓம். நீங்கள் எழுதியதைப் படித்த அப்புறம்தான் உறைத்தது. வகுப்பில் அது ரெசிஸ்டர் என்று சொல்லவே இல்லை, வெறும் சமன்பாடு, அதனால் −3-ம் சரி. ரெசிஸ்டர் என்று சொல்லியிருந்தால் −3 ஓமை நானே குப்பையில் போட்டிருப்பேன்.

இன்றைக்குச் சாயங்காலம் டூல் பாக்ஸில் 10-ம் 15-ம் கிடந்தன, சாப்பாட்டு மேசையில் வைத்து முறுக்கிச் சேர்த்து மகளை மீட்டர் வைக்கச் சொன்னேன். 6.2 காட்டியது. "அப்பா, உங்க ஆன்சர் தப்பு" என்று குதித்தாள். ப்ரோப் முனை இரண்டையும் ஒன்றோடொன்று தொட வைத்துக் காட்டினேன், மீட்டர் 0.2 காட்டியது, ப்ரோப் ஒயருடைய சொந்த ரெசிஸ்டன்ஸ் அது. இப்போது அவள் இன்னும் என்னென்ன ரெசிஸ்டர் இருக்கிறது என்று பெட்டியைக் குடைந்துகொண்டிருக்கிறாள். வியாழக்கிழமை வகுப்பில் மடக்கை ஆரம்பிக்கிறார்களாம், அன்றைக்கு இரவு திரும்ப வருகிறேன்.